ஒதில் உடுத்திய சிவப்புக் கவுன்

ஒதில் லெ கோஃப் மீனவர் வீட்டுப் பெண். போர் முடிந்ததும் பிழைப்புக்காகப் பாரிசுக்கு வந்து, எத்தியென் மர்சியாக்கின் தையற்கூடத்தில் சேர்ந்தாள். உடுப்புக்குக் கை பொருத்துவது அவள் வேலை. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அதே மேசையில்தான் நானும் தைத்தேன்.

எங்கள் முதலாளி, முசியே மர்சியாக், எங்களுக்குத் தெய்வம் மாதிரி. போர்க்காலத்தில் கூப்பனுக்கு அளந்து கொடுத்த துணியில் ஒடுங்கிக் கிடந்த பெண்களுக்கு, காற்றில் விரியும் பாவாடை தைத்துக் கொடுத்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டுக் குளிர்காலத்தில், வசந்தகால உடுப்புகளை வரைந்து வெட்டக் கொடுத்த கையோடு, மாரடைப்பில் போய்விட்டார். உடுப்புகளை அணிந்து காட்டும் அழகிகளை வேறொரு கடைக்காரர் உடனே அழைத்துக்கொண்டார்.

முசியேயின் தங்கை சொலாஞ்ச் தையற்கூடத்துக்கு ஏறி வந்தார். கண் வீங்கியிருந்தது.

"கடைய மூடிடலாம்னு இருக்கேன். அண்ணன் பேரை மட்டும் பாட்டில்ல போட்டுக்க சென்ட் கம்பெனிக்காரன் விலைக்குக் கேக்கறான். உடுப்பைப் போட்டுக் காட்டவும் ஆளில்ல."

"நாங்க போட்டுக்கறோம் மேடம்," என்றாள் ஒதில்.

கூடமே சிரித்தது. "உன் இடுப்புக்கு ரெண்டு கவுனை ஒட்டணும்டி," என்றேன்.

"ஒட்டு. நூலுக்கா பஞ்சம்?"

"வர்றவங்க சிரிப்பாங்க, ஒதில்," என்றார் சொலாஞ்ச்.

"அவங்களுக்கு அளவெடுக்கறதே நாங்கதான் மேடம். பாதிப் பேர் என் சைஸு. மீதிப் பேர் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

அண்ணனின் அடக்கத்துக்குப் பிறகு சொலாஞ்ச் சிரித்தது அன்றுதான். அப்புறம் அவரே முசியே வரைந்த படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

அழகிகளின் அளவுக்கு வெட்டி வைத்திருந்த துணியையெல்லாம் பிரித்து, ஒட்டுப் போட்டு, எங்கள் உடம்புக்கு மறுபடி தைத்தோம். குட்டைக் கழுத்துக்காரிக்கு ஒன்று, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பவளுக்கு ஒன்று. சிவப்புப் பட்டுக் கவுன் ஒதிலுக்கு.

காட்சி நாளன்று மாடிப்படியில் அவள் முகம் வெளிறிவிட்டது. "காலு நகர மாட்டேங்குதுடி ஹுகெத். என்னப் பிடிச்சுத் தள்ளு."

தள்ளினேன்.

கீழே காட்சிக் கூடத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒதிலின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் நிற்கவில்லை. தோளை நிமிர்த்தி நடந்து, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பட்டு அப்படியே மலர்ந்து, மெதுவாக அடங்கியது. முசியே படத்தில் போட்டிருந்த வளைவு அதேதான்.

முன்வரிசையில் வங்கி முதலாளியின் மனைவி எழுந்தார். நல்ல ஆகிருதி.

"நில்லும்மா! இதே கவுன், இதே சிவப்பு, எனக்கு வேணும். இத்தனை வருஷமா ஒரு கவுன் என்மேல எப்படி இருக்கும்னு யாருமே காட்டலையே!"

ஒருவர் கைதட்ட, கூடமே தட்டியது. அடுத்து நான் சாம்பல்நிறக் கோட்டில் போனேன். என் மூக்கு நீளத்தைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மாலைக்குள் அளவெடுக்கும் அறையில் நிற்க இடமில்லை. சென்ட் கம்பெனிக்காரரைச் சொலாஞ்ச் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர் ஒதிலிடம், "அடுத்த பருவத்துக்குள்ள இளைச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

"கவுனைப் பெருசாக்கத் தெரிஞ்சவ நான். நான் எதுக்குய்யா சின்னதாகணும்?"

அதன் பிறகு ஒவ்வொரு பருவமும் முதலில் நடந்து வந்தவள் அவள்தான். முசியேயின் பெயர் வாசலில் அப்படியே இருந்தது. உள்ளே எங்கள் ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன.