பாட்டுக்கு முன்னால் இருந்த பேச்சு

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபங்களில் நானும் என் கணவரும் கரோக்கே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தோம். பாடுவது அவர், கம்ப்யூட்டர் நான். பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு தெலுங்கு என்று அமைகிற ஊர் ஆயிற்றே, இரண்டு மொழிப் பாட்டுக்கும் இசை மட்டும் உள்ள சிடிக்களைத் தேடித் தேடிச் சேர்த்தோம். சொந்தமாக வாங்கியது கொஞ்சம், இரவல் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நிறைய. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

மகளுக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, ஆனால் குரல் அடியோடு போய்விட்டது. வாய் ஓயாத மனிதர், கை தட்டிக் கூப்பிடுகிறவராகிவிட்டார். அதன்பிறகு பாட ஆசைப்படுகிற சொந்தக்காரர்களிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நான் இசையை ஓட விடுவேன். ஸ்பீக்கர், ஒயர் வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமனுக்காக ஒரு பாட்டைப் போட்டால், மண்டபம் முழுக்க என் கணவரின் பேச்சு கேட்கிறது. பதறிப்போய் நிறுத்தினேன். முன்பு வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது சுருதி சேர்கிறதா என்று கேட்க அவர் பாடுவதைப் பதிவு செய்வேன். அவசரக் குடுக்கை நான், வேறு பெயர் கொடுக்காமல் அந்தந்தப் பாட்டின் மேலேயே சேமித்து வைத்திருக்கிறேன். எந்தெந்தப் பாட்டில் அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. உட்கார்ந்து கேட்டுப் பிரிக்கவும் மனசு வரவில்லை. அவருக்கும் தன் குரல் காதில் விழுந்தால் தாங்காது, எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பாட்டுக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் சென்னை ரயிலில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். சிரிப்பே இல்லாத முகம். கல்யாணத்தில் பாட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறோமே என்றேன். அது வேறு, இது வேறு என்றார். சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதே நகல் எடுப்பதுதானாம். தொழிலுக்காக ஏற்றினால் தனி அனுமதி வேண்டும், ஒரிஜினல் சிடியும் கையில் இருக்க வேண்டுமாம். அனுமதி இல்லாமல் ஏற்றிய பாட்டையெல்லாம் தன் கண்ணெதிரே அழித்துவிட்டால் போலீஸுக்குப் போகாமல் முடித்துக்கொள்கிறேன் என்றார்.

பாட்டு போனால் போகிறது, முறையாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும் குரலுக்கு நான் எங்கே போவேன்? மூன்று வயது மகளுக்கு அப்பா பேசிய ஞாபகமே கிடையாது. அழாமல் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"எங்க வூட்டுக்காரர் கொரல் அதுக்குள்ள கீதுங்க சார். எந்தப் பாட்டுலன்னு எனக்கே தெரியாதுங்க. அத்த மட்டும் விட்டுடுங்க."

அவர் என் கணவரின் கழுத்தைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்.

மத்தியானம் முழுக்கக் கேட்டோம். பத்துப் பாட்டு வெறும் இசையாகப் போகும், அடுத்ததில் திடீரென்று அவர் வந்துவிடுவார். தண்ணீர் கேட்பார். என் சமையலைக் கிண்டல் செய்வார். மைக்கை வைத்துக்கொண்டு என்ன வெட்டிப் பேச்சு என்று நான் எரிந்து விழுவதும் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. என் கணவர் வாசல்வரை போனார். ஆனால் வெளியே போகவில்லை, மகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"பாட்டு கம்பெனியோடதும்மா, அத நான் விட முடியாது," என்றார் வந்தவர். "பாட்டுக்கு முன்னாடி இவர் பேசறாரே, அது உங்களோடது. வெட்டி எடுத்துக்குங்க, நான் இருக்கேன்."

வெட்டி வெட்டித் தனியாகச் சேர்த்தேன். ஒன்றில் அவர் பேசி முடிப்பதற்குள் இசை தொடங்கிவிட்டது. "பாப்பா முழிச்சிகினா பாரு, எங்கண்ணு, நைனா பாடறேன் கேக்கறியா..." என்று போய்க்கொண்டிருந்தார். எங்கே வெட்டுவது என்று வந்தவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதை முழுசாக எடுத்துக்கொண்டேன்.

மிச்சமெல்லாம் அவர் எதிரிலேயே அழிந்தது. ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டு, இனிமேல் முறையாக அனுமதி வாங்கித் தொழில் செய்யுங்கள் என்று சொல்லி ஸ்டேஷனுக்கு நடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே செய்தோம்.

அன்று சாயங்காலம் சேர்த்து வைத்ததைப் போட்டேன். மகள் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு ஓடிப்போய் அப்பாவின் மடியில் ஏறி, அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்து, "நீயா நைனா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து தன் குரல் கேட்டால் அவர் எழுந்து போவதில்லை.

இன்று அவர் பாடிய ஒரு பாட்டுகூட எங்களிடம் இல்லை. தண்ணீர் கேட்டதும் என்னைக் கிண்டல் செய்ததும் குழந்தையைக் கொஞ்சியதும்தான் இருக்கின்றன, எங்களுக்கென்று அவரிடம் இருந்தது அதுதான் என்பதை, எல்லாவற்றையும் அழிக்க வந்த ஒருவர்தான் எனக்குப் பிரித்துக் காட்டிவிட்டுப் போனார்.