மைட்டேயின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

"இப்ப அது எந்தக் காலை ஊனாம நிக்குது?"

குதிரை வாங்கிப் போனவர்களிடம் ஞாயிறு காலை தொலைபேசியில் மைட்டே உகால்டே கேட்கும் முதல் கேள்வி இதுதான். "நல்லா இருக்கான்னு கேட்டா, நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. காலைக் கேட்டாத்தான் எழுந்து போய்ப் பாப்பாங்க."

அமெரிக்காவின் நெவாடா மலைகளில் பிடிபடும் காட்டுக் குதிரைகளைப் பழக்கி, வீடு பார்த்துக் கொடுக்கும் எங்கள் சிறு காப்பகத்தை நடத்துபவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. நான் அங்கே ஆறு வருடமாகக் குதிரை லத்தி அள்ளுகிறேன். பூட்டிய கதவைப் பாதி வழியிலிருந்து திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பார். ஒரு குதிரை புது வீட்டுக்குப் போகும் வாரமெல்லாம் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்காது; சூரியகாந்தி விதை மட்டும். முன்பொருமுறை அவர் நம்பிக் கொடுத்த குதிரையைக் கறிக்கு விற்றுவிட்டார்கள். தெரியவந்தபோது அதை ஏற்றிய லாரி நாட்டின் எல்லையைத் தாண்டியிருந்தது.

போன ஆகஸ்டில் ஜூனிபர் என்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரையை ஓரின் ஹாக்கெட்டுக்குக் கொடுத்தார். ஓரின் செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், தனி ஆள். மூன்றாவது ஞாயிறு கேள்வி போனது. பதில் உடனே வந்தது: "இடது முன்னங்கால்."

மைட்டே போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார். "நிம்மதியா நிக்கிற குதிரை பின்னங்காலைத்தான் தளர விடும். முன்னங்கால்னா ஒண்ணு வலி, இல்ல பொய். ஏறு!"

இரண்டு மணி நேரப் பயணம்.

தொழுவம் திறந்து கிடந்தது. ஓரின் அடிபட்ட கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "என்னைத் தூக்கிக் கீழ போட்டுடுச்சும்மா. அப்புறம் கிட்டப் போகவே பயமாயிடுச்சு. முந்தாநாள் நானே கதவைத் திறந்து விட்டுட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மைட்டே திட்டுவார் என்று நினைத்தேன். "எந்தப் பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அதைக் கண்டோம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், சேஜ் என்ற பாலைநிலப் புதர்களுக்கு நடுவில், சாலையிலிருந்து இருபதடி தள்ளி நின்றது. சுரங்க லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் அது தார் விளிம்புவரை துள்ளி வந்து திரும்பியது.

ஓரின் தீவன வாளியோடு பாய்ந்தார்.

"நில்லுங்க! நீங்க ஓரடி வச்சா அது ரோட்டுல நாலடி வைக்கும்."

சட்டையை வீசி லாரிகளை மெதுவாக்கச் சொல்லி மைட்டே என்னை அனுப்பினார். பிறகு சாலையைக் கடந்து, புதர்களைச் சுற்றிப் போய், குதிரைக்கு அப்பால் மண்ணில் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அது காட்டிலிருந்து வந்த புதிதில் பதினோரு நாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பிடிக்க வருகிறவர் யாரும் முதுகைக் காட்டுவதில்லை என்பது குதிரைக்குத் தெரியும்.

நாற்பது நிமிடம். லாரி வரும்போதெல்லாம் அவர் தோள்கள் இறுகின, தலை திரும்பவில்லை. குதிரை சாலையை விட்டு ஓரடி விலகியது. நின்றது. இன்னும் ஓரடி. கடைசியில் மூக்கைத் தாழ்த்தி அவர் கழுத்தில் மூச்சு விட்டது. மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோய், மடியில் வைத்திருந்த கயிற்றை அதன் கழுத்தில் மாட்டினார்.

ஓரின் தயங்கித் தயங்கி வந்து தள்ளியே நின்றார். "கூட்டிட்டுப் போயிடும்மா. எனக்குத் தகுதியில்ல."

"பயம் எனக்கும்தான் இருக்கு," என்றார் மைட்டே. "அடுத்த தடவ பயந்தா எனக்குப் போன் பண்ணுங்க. பொய் மட்டும் வேணாம்."

கயிற்றை ஓரினின் அடிபடாத கையில் வைத்தார். மூவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள், ஓரின், குதிரை, மைட்டே. பின்னால் போன எனக்குத்தான் அது தெரிந்தது: கயிற்றின் தொங்குமுனையை மைட்டே இரண்டு விரலால் பிடித்திருந்தார்.