நறுக்கென்று நாலு வார்த்தை

என் குரல் கொஞ்சம் கனம். எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. நான் மேலே ஒருவரைத் திட்டினால் கீழே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். மாதா மாதம் வந்து போகிறவர்கள் பாதிப் படியில் நின்று, இன்றைக்கு மேடம் எப்படி இருக்கிறார் என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் படி ஏறுவார்களாம். புதுச்சேரியில் நான் நன்னடத்தை அலுவலர். நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகும் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடுவது உண்டு. அவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. கோபக்காரிக்குத் தோதான உத்தியோகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

திட்டுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா மகனையும் மனைவி புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து, "நாங்க சொன்னா காதுலயே ஏற மாட்டேங்குது மேடம். நீங்க நறுக்குனு நாலு வார்த்தை கேளுங்க" என்பார்கள். நான் கேட்பேன். வரும்போது சுண்டிப் போயிருந்த அவர்கள் முகம் போகும்போது கொஞ்சம் தெளிந்திருக்கும்.

அப்படி ஒரு மாதம் கூடத் தவறாமல் வந்தவர் ஓர் அக்கா. கருவடிக்குப்பத்திலிருந்து டெம்போ பிடித்து, தம்பியைக் கையோடு கூட்டி வருவார். அக்காவுக்கு ரெட்டியார்பாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பாத்திரம் துலக்கும் வேலை. தம்பி டைல்ஸ் போடுகிறவர். இருவருக்கும் நடுவில் பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. தண்ணீர்க் குழாயில் யார் முதலில் பிடிப்பது என்று ஆரம்பித்த தகராறில், குடித்திருந்த தம்பி கட்டையை எடுத்து அந்த அண்ணன் மண்டையில் அடித்துவிட்டார். அண்ணன் பிழைத்தார். ஆனால் ஒரு கால் இழுத்துக்கொண்டது, நாக்கும் குழறிப்போனது. தம்பிமேல் அதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. அக்கா ஜாமீன் நின்றதால் நீதிமன்றம் அவரை என் கண்காணிப்பில் வெளியே விட்டது. குடிக்கக் கூடாது, வம்பு கூடாது. மீறினால் அந்தப் பழைய அடிக்கே உள்ளே போக வேண்டும்.

குடிக்காதே என்று இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள். எந்த வீதியில் திரும்பினாலும் ஒரு கடை. வெளியூர்க்காரர்கள் அதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். உள்ளூரில் பிறந்தவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். தம்பி மாதா மாதம் என் எதிரில் தலையைத் தொங்கப் போட்டு நிற்பார். வாடையும் கூடவே நிற்கும். நீதிமன்றத்துக்கு எழுதிப் போடாமல் நானே வெளுத்து வாங்குவேன். அக்கா, "நல்லா கேளுங்க மேடம், இன்னும் கேளுங்க" என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

இந்த நிலையில்தான் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர்; எங்கள் ஆட்கள் உடனே எம்.ஐ. என்று சுருக்கிவிட்டார்கள். ஏசி ஓடாத ஒரு ஹால். நன்னடத்தைப் பிரிவில் நாங்கள் சிலர், சிறையிலிருந்து வார்டர்கள். பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்த அம்மா அதிர்ந்து பேசாதவர். புத்தி சொல்லாதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள் என்றார். வந்தவர் சொல்வதை உங்கள் வார்த்தையில் அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள், மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்றார். எதிரில் இருப்பவரை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று நமக்குள் ஒன்று துடிக்கும், முதலில் அதைப் பிடித்துக் கட்டுங்கள் என்றார்.

டீ இடைவேளையில் தலைமை வார்டர் ஒருவர் பொங்கிவிட்டார். ஆறடி உயரம், பெரிய மீசை. "நம்ம ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன் கூட பக்கத்துல இருக்கறவனுக்கு ரெண்டு புத்தி சொல்லிட்டுத்தான் மேடம் ஏறுவான். அதையும் புடுங்கிட்டா நம்மகிட்ட என்ன மிச்சம்?" என்றார். எனக்கும் அதே எரிச்சல்தான். பயிற்சி முழுக்க எழுந்து எழுந்து அந்த அம்மாவோடு மல்லுக்கட்டியது நான்தான். அதைப் பார்த்த என் மேலதிகாரி எனக்கு நிறைய ஆர்வம் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பை என் தலையிலேயே கட்டினார். வெள்ளிக்கிழமை மதியங்களில் எல்லோரும் கூடி ஒத்திகை பார்க்க வேண்டுமாம். வாயை மூடச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆள் கிடைத்தது பாருங்கள்!

ஊருக்குச் சொல்வதற்கு முன் நாமாவது செய்து பார்ப்போம் என்று, அடுத்த முறை அக்காவும் தம்பியும் வந்தபோது, "வாங்க, உக்காருங்க" என்றேன். இரண்டு பேரும் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை தம்பி எனக்கு வா, போதான். பயிற்சியில் சொன்னபடி மெதுவாகக் கேட்டேன்: "குடிக்கிறதுல உங்களுக்கு எது பிடிக்குது?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"நல்லா கேட்டீங்க போங்க! பிடிச்சதக் கேட்டு வாங்கிக் குடுக்கப் போறீங்களா?"

நான் ஏதோ விளக்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை. குரல் உடைந்துபோனது.

"கைகழுவிட்டீங்களா மேடம்? ஆஸ்பத்திரில பொழைக்காதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டரு இப்டி நைசா பேசுவாரு. வேணுங்கறத சாப்பிடக் குடுங்கன்னுவாரு. எந்தம்பி அந்த நெலமைக்கு வந்துட்டானா?"

நேரே என் மேலதிகாரியிடம் போய், இந்த மேடம் இப்போதெல்லாம் திட்டுவதில்லை, வேறு ஆளை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. திட்டியதற்குப் புகார் வந்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தலைமை வார்டர், "நான் அந்த அக்காவா உக்கார்றேன், என்னைக் கேளுங்க" என்று கைக்குட்டையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். மீசையோடு அவர் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து ஹாலே குலுங்கியது. நானும் சிரித்துக்கொண்டேதான், "உங்க தம்பியை நினைச்சா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். "திட்டித் திட்டி என் தொண்டை வத்திப்போச்சு மேடம்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, "மாசத்துல ஒரு நாளு என் பங்கையும் சேத்து நீங்க திட்டுறீங்க. அந்த ஒரு நாளுதான் எனக்கு லீவு" என்றார். சிரிப்பு நின்றுபோனது. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தம்பியைக் கேட்கக் கிளம்பிய நான் அக்காவை ஒரு வார்த்தை கூடக் கேட்டதில்லை என்பது அப்போது உறைத்தது.

மேலதிகாரி ஆளை மாற்றவில்லை. அடுத்த முறை முதலில் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அப்பா அம்மா போனபின் இரண்டு பேரையும் இடுப்பில் சுமந்தவர் அவர். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு வீட்டிலும் கெட்ட பேர். "ஒருத்தன் காலை இழுத்துக்கினு நடக்கறதப் பாத்துட்டேன் மேடம். இன்னொருத்தன கம்பிக்குப் பின்னால பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றார். "பயந்து பயந்து ராத்திரி தூங்கறதே இல்லைன்னு சொல்றீங்க" என்றேன். "ஆமா, அதான்" என்று நிமிர்ந்தார். அதை யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. எழுந்து போகும்போது, "நீங்க திட்டாட்டியும் போவுது. விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு தம்பி. பழைய கேள்வியையே கேட்டேன். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. சும்மா இருப்பது எனக்குக் காலில் எறும்பு ஏறுகிற மாதிரி இருந்தது. ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வேலைக்குப் போற வழியிலதான் அண்ணன் வீடு. வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். ஊத்திக்காம அந்த வாசலத் தாண்ட முடியல மேடம்."

வேறு வீதி வழியாகப் போயேன்! போய்க் காலில் விழுந்துவிடேன்! எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"குடிக்காம அவர் முகத்தைப் பாக்க முடியல."

"முடியல" என்றார். கண்ணைத் துடைத்தார். "ஒருநாளு பாக்கணும்."

குடி உடனே போய்விடவில்லை. அதுதான் உண்மை. சில மாதம் வாடை இல்லாமல் வந்தார், ஒரு மாதம் வாடையோடு வந்தார். ஆனால் வேலையில்லாத நாளில் குடிப்பது நின்றிருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களிடம், "இந்த மேடம் திட்டாது, ஆனா விடாது" என்று சொல்வது என் காதில் விழும். எனக்கு அந்தச் சான்றிதழ் போதுமாக இருந்தது.

அக்கா செத்துப்போனார். ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. தம்பி மொட்டைத் தலையோடு தனியாக வந்து என் எதிரில் நின்றபோதுதான் எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். என்ன சொல்வதென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

விஷயம் துக்கத்தோடு முடிந்துவிடவில்லை. ஜாமீன் நின்றவர் இறந்துவிட்டால் வேறு ஆளை நிறுத்த வேண்டும். நீதிமன்றம் நாள் குறித்துவிட்டது. அந்த நாளுக்குள் ஆள் வராவிட்டால் அக்கா எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிடும். வெள்ளிக்கிழமை தலைமை வார்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மேடம் யோசனை? அந்த அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டு வரச் சொல்லுங்க. நீங்க கூப்டா வராம இருப்பானா?" என்றார். அவர் சொன்னது சரிதான், நான் கூப்பிட்டால் வந்திருப்பார். ஆனால் மண்டை உடைந்தவரிடம் போய், உடைத்தவருக்காக நில்லுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? ஃபோனை எடுத்தேன், வைத்தேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

தம்பியைத்தான் கேட்டேன். "உங்களுக்காக யார் நிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

மேஸ்திரியைக் கேட்டுவிட்டார், மாமனாரைக் கேட்டுவிட்டார். யாரும் தயாரில்லை. "இன்னும் ஒரே ஒரு வாசல்தான் பாக்கி" என்றார்.

"அங்க போறதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"தொரத்தி விட்டாலும் நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அன்று சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறாயா என்று. ஆண்டவரே, அந்த அக்காவுக்காகவாவது என்று வேண்டிக்கொண்டேன்.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், படியில் ஒரு சத்தம். ஒரு கால் வைக்கும், இன்னொரு கால் இழுபடும், நிற்கும். மறுபடி வைக்கும். மேலே வந்து சேர வெகுநேரம் ஆனது. தம்பி ஒரு கையால் அணைத்துப் பிடித்து அண்ணனைக் கொண்டுவந்து, அக்கா எப்போதும் உட்காரும் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். வாடை இல்லை. அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அண்ணன் மூச்சு வாங்கினார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார். "நான் நிக்கிறேன் இவனுக்கு."

அடிபட்டவரே ஜாமீன் நிற்கக் கூடாது என்று சட்டம் இல்லை. மறுநாள் நீதிபதி ஒருமுறை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்று, என் மேசைக்கு எதிரில், அண்ணனுக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. தம்பியைக் கையால் காட்டினார்.

"அக்கா... சொல்லும். மேடம் நறுக்குனு... கேப்பாங்கன்னு. இவன நாலு வார்த்தை... கேளுங்க மேடம். எனக்கு வாய் கொழறுது."

பயிற்சி, ஒத்திகை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. என் குரல் வெடித்தது.

"அவர மட்டும் என்னாத்துக்குய்யா கேக்கணும்? ரெண்டு பேரும் எங்க போயிருந்தீங்க இத்தினி நாளு? ஒரே வீதி, நாலு வீடு தள்ளி! அந்தம்மா ஒத்தையா இந்தப் படிய ஏறி எறங்கி, ஏறி எறங்கி, நெஞ்சு வெடிச்சுச் செத்தப்பறம் கையப் புடிச்சிக்கினு வந்து நிக்கிறீங்களே! இருந்தப்ப வந்திருந்தா என்னய்யா? கண்ணால பாத்துட்டாவது போயிருக்குமே!"

கீழே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் குழறிய நாக்கோடு "ஆமா, ஆமா" என்றார். தம்பி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், நான் முடிக்கும் வரைக்கும் வாங்கிக்கொண்டார்கள்.