ஐந்து லீட்டர் கேன்

மூடியை இறுக்கித் திருகிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கிடையிலிருந்து எழுந்தாள் ஜீவராணி. காலை ஆறு மணியிலிருந்து இது ஐந்தாவது தடவை. கேன் கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது. மணி பத்துக்கூட ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கேனைச் சாக்கில் சுற்றினாள். உடனே தொண்டை வறண்டது. கழுத்தில் தொங்கிய போத்தலைச் சாய்த்து மடமடவென்று குடித்தாள்.

நோர்வூட்டுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் பதினெட்டு வயதில் கூடை மாட்டியவள். இருபத்திமூன்று வருடங்களாக, மற்றப் பெண்களைப் போலவே, காலையில் அரைக் கோப்பை சாயத்தண்ணியோடு வாயைக் கட்டிக்கொண்டாள். மலையில் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீரும் இல்லை. தை மாதத்தோடு அந்தக் கட்டு அவிழ்ந்துபோயிற்று. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஒரு நிரை கொழுந்தை முழுதாக எடுக்க முடியாமல் பாதியில் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஊர்மிளா கொப்பியில் இரண்டு சொல் எழுதினார். இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கின.

"பாலி எண்டால் கன எண்டு அர்த்தம், அக்கா. கனக்கச் சலம் போறது பாலியூரியா. கனக்கத் தண்ணி குடிக்கிறது பாலிடிப்ஸியா."

"இன்னும் இருக்குங்களா டொக்டர்?"

"பசி கூடினால் பாலிபேஜியா. அது உங்களுக்கு இல்லை. சீனி வருத்தமும் இல்லை. அதுதான் யோசிக்கிறன்." முதல் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "ஒரு நாள் முழுக்க, ஒரு சொட்டும் விடாமல் சேர்த்துக்கொண்டு வாங்கோ. வியாழக்கிழமை. தவறினால் அடுத்த மாதம்தான்."

கிளினிக்குக்காக ஏற்கனவே ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றாயிற்று. வியாழனும் நிற்க வேண்டும். புதனும் நின்றால் கங்காணி விடமாட்டார். ஆகவே கேன் மலைக்கு வந்தது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கங்காணி கந்தப்பன் அதைக் கண்டுபிடித்தார். அவளுக்கு மாமனார் முறை. அந்த வாரம் கொழுந்து ஈரமாக வருகிறதென்று தொழிற்சாலையிலிருந்து அவருக்கு ஏச்சு விழுந்திருந்தது.

"என்னா இது?"

"தண்ணிங்க மாமா."

"குடிக்கிற தண்ணி கழுத்துல தொங்குது. இது கொழுந்துல தெளிச்சு கனங்காட்டுறதுக்கா? நம்ம வீட்டுப் புள்ளயே என் வாயில மண்ணப் போடுது, பாருங்க!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கந்தப்பன் மூடியைத் திருகிக் கேனைச் சரித்தார். மண்ணில் சளசளவென்று விழுந்தது.

"கொட்டாதீங்க! அது என் மூத்திரம் மாமா. டொக்டர் அளக்கக் கேட்டிருக்காங்க."

கந்தப்பன் கேனை வைக்கவும் தெரியாமல், எறியவும் தெரியாமல் நின்றார்.

"ஏன்ணே புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? தராசுல வைங்க, எத்தன கிலோன்னு பாப்போம்" என்றாள் ராக்காயி, அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கிறவள்.

மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது. கந்தப்பன் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புல்லில் தேய்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"எப்படீங்க சொல்றது?"

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் விடாமல் என்றல்லவா சொன்னார்?

பின்னேரம் அவள் கேனோடு நெளிந்தபோது ராக்காயி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்துப் பிடித்தாள். "போ புள்ள, நான் மறைச்சுக்கிறேன்." திரும்பி வந்ததும், "அந்தப் போத்தலக் குடு" என்று வாங்கி இரண்டு மிடறு குடித்தாள். மலையில் அவள் தண்ணீர் குடித்து ஜீவராணி பார்த்ததில்லை.

வேலை விட்டு லயத்து வீட்டுக்கு வந்த பிறகும் நிலைகொள்ளவில்லை. கொட்டின அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடலாமா? கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை, தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போனாள். இரண்டு தடவையும் அப்படியே திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைசியாகச் சேர்த்தாள். ஆறே முக்கால் பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்தில் இருந்தவர், எல்லாம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். கொஞ்சம் கொட்டிவிட்டது என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். அவர் அளந்தார். நாலு லீட்டர் முன்னூறு. மூன்றுக்கு மேலே போனாலே போதும், கொட்டினதால் ஒன்றும் மாறாது என்றார் டொக்டர் ஊர்மிளா. பாலியூரியாவுக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை வெட்டினார். காரணத்தைக் கண்டியில்தான் பார்க்க வேண்டுமென்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸுக்கு முன் அவள் இரண்டு தடவை கழிவறைக்குப் போய் வந்தாள். ஒன்றரை மணிக்கு லயத்துக்கு வந்து, கேனைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள்.