கொளஞ்சியம்மாள் அடிக்காத சூடம்

கச்சிராயபாளையம் போகும் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையில் பெரிய குடும்பம் ஒன்று வாழ்கிறது. முதலாளி தணிகாசலம் அப்படித்தான் சொல்வார். கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வந்திறங்கும் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரிக்கும் பெண்கள் எல்லோரும் அவருக்கு மகள்கள். மகள்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். பாசம் என்று வந்த பிறகு வயதா பெரிது?

அந்த மகள்களில் ஒருத்தி கொளஞ்சியம்மாள். கையளவு நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு கரும்பு வெட்டினாள், கல்யாணத்துக்குப் பின்பும் கரும்பு வெட்டினாள். இடுப்பு விட்டுப்போன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பி இங்கே வந்தாள். நம்பிக்கை வீண்போகவில்லை. உட்காரலாம். எழுந்திருக்கத்தான் கூடாது.

ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டு. டைல்ஸ் பதித்தது. எப்போதும் பூட்டியிருக்கும். அதிகாரிகள் வரும் நாளில் திறந்து, பினாயில் தெளித்து, காட்டிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். காட்சிக்கு வைத்த பொருளை உபயோகிப்பது நாகரிகம் அல்ல. மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் குவித்துக் காயவைக்கும் களத்துக்குப் பின்னால்தான் பெண்கள் ஒதுங்கினார்கள். ஊறிப் புளித்த திப்பியின் நாற்றத்துக்குப் பயந்து மேஸ்திரிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே சங்கம் வைக்கும் பேச்சும் அங்கேதான் பிறந்தது.

"பூட்டத் தொறன்னு நான் ஒருத்தி கேட்டா, நாளைக்கு வராதம்பாரு," என்றாள் கொளஞ்சியம்மாள். "சங்கமா நின்னு எல்லாரும் கேட்டா இன்னா பண்ணுவாரு?"

"எல்லாரையும் வராதம்பாரு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் செவ்வந்தி. சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததும் அவள்தான்.

சங்கம் வைப்பது தொழிலாளியின் உரிமை என்கிறது சட்டம். அதற்காக மிரட்டக் கூடாது, வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. முதலாளி செய்ய வேண்டியதெல்லாம் நாலு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள், என்ன குறை என்று கேட்பதுதான். நாற்காலி கட்டுப்படியாகாது என்று தணிகாசலம் நினைத்திருக்க வேண்டும். கேமரா வாங்கினார்.

சங்கப் பேச்சை யாரோ அவர் காதில் போட்ட மறுநாளே அது களத்துக் கம்பத்தில் ஏறியது. திப்பிக் குவியலுக்குப் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றது. திப்பி திருடு போகிறதாம். மாடு தின்கிற சக்கைக்கு அத்தனை காவல். அன்றிலிருந்து பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். தகப்பனோ குளிர்ந்த அறையில் டீ குடித்துக்கொண்டே, மகள்கள் ஒதுங்கும் இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் என்ற நல்ல சொல்லைக் கழுவி எடுக்க அந்தப் பினாயில் போதாது.

அதற்கும் சங்கப் பேச்சு அடங்கவில்லை. ஒருநாள் எல்லோரையும் வேனில் ஏற்றி, பக்கத்து ஊர் ஐயனார் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். தட்டில் சூடம் எரிந்தது.

"ஒவ்வொருத்தரா வந்து சூடம் அடிச்சி சத்தியம் பண்ணுங்கம்மா. சங்கத்துல சேர மாட்டேன்னு. அவ்ளோதான்," என்றார் தணிகாசலம். கையால் அடித்துச் சூடத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பமே விளங்காது என்பது பெண்களின் பயம். அந்தப் பயம் அவருக்குக் கூலி இல்லாத வேலையாள். இன்று எல்லோரும் அடித்துவிட்டால் சங்கம் முடிந்தது. அடிக்காவிட்டால் கொளஞ்சியம்மாளின் வேலை முடிந்தது.

"அடிக்கிறங்க. மொதல்ல நீங்க அடிங்க," என்றாள். "சங்கத்துக்காவ யாரையும் நிறுத்த மாட்டேன்னு."

"நான் எதுக்கும்மா அடிக்கணும்? கணக்குப்படி நீங்க என் ஆளுங்களே இல்ல. காண்டிராக்டர் பாவாட ஆளுங்க. டேய் பாவாட, நீ அடிடா."

மகள்கள் ஒரு வாக்கியத்தில் அநாதைகள் ஆனார்கள். பெண்களை வேனில் கூட்டி வந்து கமிஷன் வாங்கும் பாவாடை நெற்றி வியர்வையைத் துடைத்தார். வருஷா வருஷம் அதே ஐயனாருக்குக் கிடா வெட்டுகிறவர் அவர். "யாரையும் வேலய வுட்டு நிறுத்த மாட்டேன்," என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். முதலாளிகள் சுமை தூக்கும் வேலையைக் காண்டிராக்டில் விடுவது வழக்கம். தெய்வத்தின் முன் கொடுக்கும் வாக்கையும் விடலாம் என்று கண்டுபிடித்த பெருமை தணிகாசலத்துக்கே.

புதுச் சூடம் ஏற்றினார்கள்.

"பாவாட அண்ணே," என்றாள் கொளஞ்சியம்மாள். "ஐயாவுக்கு அடிச்ச கையோட எங்களுக்கும் சேத்து நீங்களே அடிச்சிடுங்க. நாங்க உங்க ஆளுங்கதான?"

செவ்வந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு கூட்டமே சிரித்தது. பாவாடை முதலாளியைப் பார்த்தார், ஐயனாரைப் பார்த்தார். "நான் சங்கத்துல சேர மாட்டேன்," என்று சொல்லி இரண்டாவது சூடத்தையும் அணைத்தார்.

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. "நீ நாளையிலேருந்து வராத," என்றார் கொளஞ்சியம்மாளிடம்.

"அத அண்ணன்ட்ட சொல்லுங்க. நான் அவரு ஆளு."

"அவள நிறுத்துடா."

"இப்பத்தான சூடம் அடிச்சேன், முதலாளி," என்றார் பாவாடை உள்ளங்கையைத் தடவிக்கொண்டே. "எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. நீங்க வோணா நிறுத்துங்க."

தணிகாசலமே நிறுத்தலாம்தான். நிறுத்தினால் சட்டப்படி இந்தப் பெண்களுக்கு அவர்தான் முதலாளி என்று ஆகிவிடும். அந்த அவமானத்துக்கு அவர் தயாராக இல்லை.

சங்கம் பதிவானது. சங்கமாக நின்று கேட்டதில் கடைசியில் கழிப்பறையும் திறந்தது. தணிகாசலமே ரிப்பன் வெட்டினார். "மகள்களுக்குத் தந்தையின் அன்புப் பரிசு" என்று கதவில் ஃப்ளெக்ஸ், அதில் கைகூப்பிய அவர் படம். கேமரா மட்டும் கம்பத்திலேயே இருந்தது. திப்பிக்குத்தான் காவல் என்றாரே.

கொளஞ்சியம்மாள் முதல் ஆளாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உடனே திறந்தாள்.

"இன்னாக்கா?" என்றாள் செவ்வந்தி.

"தாப்பாள வெளியில மட்டும் வெச்சிருக்கான். சாயங்காலம் யாரும் வேன்ல ஏறாதீங்க. சங்கக் கூட்டம் இருக்குது."