மலைநீர் சேகரிப்பு

பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் அக்காவைத் தாண்டிப் பட்டம் வாங்கியவர்கள் குறைவு. பதினைந்து வருஷமாக ஆய்வேடு அடிக்கிறாள். விரல் பறக்கும், வாய் அதைவிட வேகம். ஒரே ஒரு கோளாறு. 'மழைநீர்' என்று அடிக்கப் போனால் விரல் 'மலைநீர்' என்று அடித்துத் தொலைக்கும். தேடித் தேடித் திருத்துவாள். எப்போதாவது ஒன்று தப்பிவிடும்.

அவள் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. நாற்பத்தைந்து வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து முதுகலை படிக்கிறார். பட்டம் வந்தால்தான் பதவி உயர்வு. ஆய்வேடு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மத்தியானம் பென் டிரைவோடு கடைக்கு வந்து நின்றார்.

"முடிச்சாச்சும்மா. பிரிண்ட் எடுத்துடு."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசையாக நன்றியுரையைத் திறந்தாள். 'என் இரட்டை மகன்களுக்கு நன்றி' என்றிருந்தது. இவர்களுக்கோ ஒரே மகள்.

"ஏங்க, யாருங்க இந்த ரெட்டைப் பசங்க? எனக்குத் தெரியாம எந்த வீட்ல வளர்றாங்க?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். அவள் சந்தேகத்தோடு பக்கங்களைத் தள்ளினாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் 'மலைநீர் சேகரிப்பு'. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வேறு யாருக்கோ அவளே அடித்துக் கொடுத்தது!

"என் தப்பையே எங்கிட்ட கொண்டாந்து நீட்டறீங்களே!"

"ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தாரும்மா. எல்லாரும் பண்றதுதானே?"

"மூணு வருஷமா சாயங்காலம் ஆனா ஓடினீங்களே, இதுக்கா? எனக்கு வெக்கமா இருக்கு." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பிரிண்ட் எடுக்க மாட்டேன்."

"அப்போ பட்டமும் போச்சு, உயர்வும் போச்சு."

"போகட்டும். இல்லன்னா புரொபசர்கிட்ட போய் உள்ளதைச் சொல்லுங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சொன்னார். காது கூசும்படி திட்டு. ஆனால் மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. அன்றிலிருந்து தம் அலுவலக மாடியிலேயே மழைநீர்க் குழாயையும் தொட்டியையும் அளந்தார். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று குறித்தார். அறுபது பக்கம் கையால் எழுதிக் கொண்டுவந்தார். கோழிக் கிறுக்கல்தான். அக்கா முணுமுணுத்துக்கொண்டே அடித்து முடித்தாள்.

அடித்த தாள்களைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் வரி விடாமல் படித்தார். திடீரென்று ஒரு சத்தம்.

"ஏம்மா, இது என்ன? முப்பத்தோராம் பக்கத்துல 'மலைநீர்'னு இருக்கு. நான் சரியாத்தான எழுதினேன்?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அதேதான். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பழைய ஆய்வேடு எத்தனை கை மாறியதோ, ஒருத்தர் கண்ணிலும் இது பட்டதில்லை. போன தடவை இவர் கண்ணிலும்தான்.

"இப்பதாங்க இது உங்களுது" என்றாள் சிரித்துக்கொண்டே. அவர் பக்கத்தில் நிற்க, 'லை'யை அழித்து 'ழை' போட்டாள்.