தங்கைக்குப் பக்கம் புரட்டியவள்

அரங்கத்தில் அவளுக்குப் பெயர் ‘பக்கம் அக்கா’. மற்ற நாட்களில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப தெரியுதா? இப்போ?” என்று கேட்கிற வேலை. கச்சேரி என்றால் மட்டும் கறுப்பு உடுத்திக்கொண்டு மேடைக்குப் போவாள். பியானோ வாசிப்பவரின் இடப்பக்கம், சற்றுப் பின்தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்காக இசைத்தாளைப் புரட்டுவாள்.

முந்திப் புரட்டினாலும் குற்றம், பிந்திப் புரட்டினாலும் குற்றம். ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருத்தி அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. “மாமியார் வீட்டுல மருமக வேலை மாதிரி” என்பாள் அவள். “கல்யாணமே பண்ணிக்காம உங்களுக்கு எப்படிக்கா அது தெரியும்?” என்று அரங்க மேலாளர் கேட்பார். “வெளிய நின்னு பார்க்கிறவளுக்குத்தான்ப்பா நல்லா தெரியும்.”

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்காரர்கள் வருஷத்தில் ஒருமுறை ஒரு வாரக் கடைசியில் அந்த அரங்கத்தில் கூடுவார்கள். வெள்ளிக்கிழமை நவீன இசை, சனிக்கிழமை ஜாஸ், ஞாயிற்றுக்கிழமை செவ்வியல் இசை. அந்த வருஷம் மேலாளர் கண்ணாடிக் கடைக்கே நேரில் வந்தார்.

“ஞாயித்துக்கிழமை யார் வாசிக்கிறாங்க தெரியுமாக்கா? உங்க தங்கச்சி.”

அவள் கையிலிருந்த லென்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பக்கம் புரட்ட நீங்கதான் வேணும்னு கேட்டிருக்காங்க. வேற யாரும் வேண்டாமாம்.”

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே பியானோவில், ஒரே ஆசிரியையிடம் கற்றவர்கள். அக்கா நன்றாக வாசித்தாள். தங்கை வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டியும் இருக்கவில்லை. தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். அக்கா அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, கரண்டியால் ஊட்டி, இளமையை அந்தக் கட்டிலோரமே கழித்தாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

அம்மா இறந்தபோது தங்கை வரவில்லை. எங்கோ தூரதேசத்தில் கச்சேரி. பெரிய மலர்வளையம் ஒன்றும், அதில் அச்சடித்த அட்டை ஒன்றும் வந்தன. அடுத்த வாரம் தொலைபேசி அடித்தது. அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மாதக்கணக்கில் அடித்தது. எடுக்கவே இல்லை. பிறகு அடிப்பது நின்றுபோனது. அதற்காகவும் தங்கை மேல்தான் கோபம் வந்தது.

இப்போது பக்கம் புரட்டக் கூப்பிடுகிறாள். அதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கை ஒருநாளும் தாளைப் பார்த்து வாசித்தவள் அல்ல. அப்படி வாசிப்பவர்களைக் கண்டால், “ஊன்றுகோலோட ஓட்டப் பந்தயமா?” என்று கேலி செய்தவள். அப்படிப்பட்டவளுக்கு எதற்குப் பக்கம் புரட்ட ஆள்? ஊரறிய அக்காவை ஓரத்து நாற்காலியில் உட்கார்த்திப் பார்க்கவா? வரட்டும், கேட்டுவிடுகிறேன் என்று மனதுக்குள் வாக்கியங்களைச் சேர்க்கத் தொடங்கினாள். கடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்தபடியே சேர்த்தாள். கூர்மையான, பதில் சொல்ல முடியாத வாக்கியங்கள்.

வெள்ளிக்கிழமை ஓர் இளைஞனுக்குப் பக்கம் புரட்டினாள். அவன் பியானோவின் கம்பிகளுக்கிடையே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகி வைத்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான். இதை எப்போது திருப்புவது என்று அவள் தவித்த தவிப்பு அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனாள். ஜாஸ் குழுவின் சாக்ஸபோன்காரர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். “இன்னைக்கு எதுக்கு வந்தீங்கக்கா? எங்ககிட்ட தாளே கிடையாதே.” கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து, தப்பிப் போனாலும் கூட்டாக வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வாசித்தார்கள். அவளுக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகைக்குப் போனாள். மேடையில் தங்கை நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். மேல்சட்டையின் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று போடப்பட்டிருந்தன.

“அக்கா!” என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “எங்க போயிட்டே? எவ்வளவு நேரமா தேடறேன்!”

அக்காவின் உதடு வரை வந்திருந்த முதல் வாக்கியம் அங்கேயே நின்றது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறவள் பேசுகிற பேச்சா இது?

தங்கையின் மகள், வேலைக்குப் போகும் வயதுப் பெண், அவளைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

“பெரியம்மா, அம்மாவுக்கு மறதி நோய். போன வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்கிறாங்க.”

“இந்த வயசுலயா?”

“சிலருக்கு வருமாம். விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நடுவுல எங்க இருக்கோம்னு தெரியாம போயிடுது. மத்த ஊர்க் கச்சேரியெல்லாம் ரத்து பண்ணிட்டேன். இது ஒண்ணை மட்டும் விட மாட்டேன்னு ஒரே பிடிவாதம்.”

“ஏன்?”

“அக்கா பக்கத்துல இருந்தா வாசிச்சுடுவேன்னாங்க.”

அக்கா சுவரில் சாய்ந்தாள். சேர்த்து வைத்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதையும் சொல்ல ஆள் இல்லை.

மாலையில் ஒப்பனை அறையில் தங்கையின் சட்டையை அவளே அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அம்மாவுக்குப் பொத்தான் போட்டுப் பழகிய கை. தங்கை கண்ணாடியில் பார்த்தபடி நின்றாள்.

“அம்மா எங்க உட்கார்ந்திருக்காங்க?”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தங்கையின் காலரைச் சரிசெய்தாள். ‘உனக்குத் தெரியாதா? மலர்வளையத்தை அனுப்பிட்டு ஒதுங்கிக்கிட்டவதானே நீ?’ என்று கேட்கலாம். கேட்டால் இவள் இப்போதுதான் அம்மாவைப் பறிகொடுத்ததுபோல அழுவாள். நாளை மறந்து, மறுபடி கேட்பாள்.

“முன்னாடி வரிசையில,” என்றாள்.

“காலு வலிக்கும்னாங்களே?”

“இல்லம்மா. வலிக்கலையாம்.”

அரங்கு நிறைந்திருந்தது. முதல் பகுதியைத் தங்கை வாசித்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பழைய வேகம், பழைய தெளிவு. புரட்டிக்கொண்டிருந்தவளுக்கே ஒரு நிமிஷம், டாக்டர்தான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று தோன்றியது.

இரண்டாவது, மெதுவான பகுதி. அதில் ஒரு மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை அது நடுப்பகுதிக்கு இட்டுச் செல்லும். இரண்டாம் முறை அதே இடத்திலிருந்து பிரிந்து முடிவுக்குப் போகும். தங்கை இரண்டாம் முறையும் நடுப்பகுதிக்கே போனாள். அக்கா ஓசைப்படாமல் தாளைப் பின்னோக்கிப் புரட்டினாள். சுற்றி வந்து அதே இடம் நெருங்கியது. தங்கையின் கண்கள் தாளில் அலைந்தன. அந்தக் கண்களில் இருந்த பயம், கூட்டத்தில் கை நழுவிய குழந்தையின் பயம்.

புரட்டுகிறவள் பேசக் கூடாது. தாளின் மூலையைத் தவிர எதையும் தொடக் கூடாது. அவள் எழுந்து, முடிவுக்குப் போகும் வரியின் மேல் விரலை வைத்தாள்.

“இங்கே,” என்றாள் மெல்ல. “என் கூட வா.”

விரல் நகர நகரத் தங்கை பின்னாலேயே வந்தாள். கடைசிச் சுரம் வரை அக்கா விரலை எடுக்கவில்லை. கைதட்டல் எழுந்தது. நடுவில் கைதட்டும் வழக்கமில்லாத கூட்டம், அன்று தட்டியது. மேலாளர் மட்டும் ஓரத்திரை மறைவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மீதிப் பகுதியும் எப்படியோ கரை சேர்ந்தது. நடுப்பகுதிக்குத் திரும்பிப் போனது துணிச்சலான புதுமை என்று மறுநாள் செய்தித்தாளில் ஒருவர் எழுதியிருந்தார். அவரைத் திட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு தங்கை மேடை ஏறவில்லை. மகளின் ஊரில், மகள் வீட்டில் இருந்தாள். அக்கா லீவு கிடைத்த போதெல்லாம் பஸ் ஏறிப் போய் வந்தாள். முதலில் பெயர்கள் போயின, பிறகு நாட்கள், பிறகு முகங்கள். ஒருநாள் ஜன்னலோரம் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தங்கை, யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல ஆரம்பித்தாள்.

“எனக்கு ஒரு அக்கா இருக்கா.”

“அப்படியா?”

“கோவக்காரி. அம்மாவுக்கு நான் வரலைன்னு கோவம். எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு. டிக்கெட் கையிலேயே இருந்துச்சு. எந்தப் பக்கம் போகணும்னே தெரியல அந்த ஏர்போர்ட்ல. எல்லா வாசலும் ஒரே மாதிரி இருந்துச்சு. உட்கார்ந்தே இருந்தேன். விளக்கெல்லாம் அணைச்சுட்டாங்க.”

அக்காவின் கையில் சீப்பு நின்றது. அம்மா இறந்தபோதே தொடங்கிவிட்டதா இது?

“அப்புறம் போன் பண்ணேன். எடுக்க மாட்டேங்கிறா.”

“எடுப்பாம்மா,” என்றாள் அக்கா. மறுபடி தலையை வாரினாள். “இனிமே எடுப்பா.”

“நீங்க அவகிட்ட சொல்றீங்களா?”

“சொல்றேன்.”

தங்கை திருப்தியோடு தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் சொன்னதையும் மறந்து, பசிக்கிறது என்றாள்.

அந்த மாதமே அக்கா கண்ணாடிக் கடையிலிருந்து நின்றுகொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டு, தங்கை மகளின் வீட்டுக்குப் போனாள். பகலில் மகள் வேலைக்குப் போக, தங்கையைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. இந்த முறையும் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவேதான் போனாள்.